ஜெபசுதா சிஸ்டரோட சாமி

தூத்துக்குடி
12 ஜூலை 2025

ஜெபசுதா அக்காவுக்கு,

போனில் என் நம்பரை அடைத்துவிட்டீர்கள். மாப்பிள்ளையூரணிக்கு வந்து பார்த்தால் வீட்டில் பூட்டு தொங்குகிறது. "சிஸ்டர் சாத்தான்குளத்துக்குத் தம்பி வீட்டுக்குப் போயிட்டாவ" என்று பக்கத்து வீட்டில்தான் சொன்னார்கள். வேறு வழி? தபால் ஆபீசில் போய்க் கவர் வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நான் செய்தது தப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லினன் ரூமில் வைத்து என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள். மார்பில் கட்டி, பயாப்சியில் கேன்சர் என்று வந்துவிட்டது, டாக்டர் மெல்வின் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார் என்று. "ஏளா, யார்ட்டயும் மூச்சு விட்டுராத" என்றும் சொன்னீர்கள். நான் மனுஷர் யாரிடமும் சொல்லவில்லை அக்கா. மாதாவிடம்தான் சொன்னேன்.

ஆனால் எங்கள் ஆட்கள் மாதாவிடம் சொல்லும் விதம் உங்களுக்குத் தெரியும். கோயில் ஆபீசில் போய், இன்னாருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று காலைப் பூசைக்குக் கருத்துக் கொடுத்தேன். 'சொந்தக் கருத்துக்காக' என்று மட்டும் கொடுத்திருந்தால் போதும். பெயர் சொல்லாமல் பூசை கொடுத்தால் யாருக்கென்று தெரியாமல் போய்விடுமோ என்று எனக்கு ஒரு கிறுக்குப் புத்தி. பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், நோயையும் சொல்லித் தொலைத்தேன். பூசைக்கு முன்னால் உபதேசியார் எல்லாக் கருத்தையும் மைக்கில் வாசிப்பார் என்பதைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். கோபுரத்து ஸ்பீக்கர் குழாய் மீன் சந்தை வரைக்கும் கேட்கும் என்பதும் தெரியும். அன்றைக்கு மட்டும் அந்த மூளை எங்கே போயிற்றோ! "சாத்தான்குளம் ஜெபசுதா, மார்பகப் புற்றுநோய் நீங்கி உடல்நலம் பெற" என்று உபதேசியார் நிறுத்தி நிதானமாக வாசித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் சின்ன நர்ஸ் விஜிலா அப்போது பஸ் ஸ்டாப்பில் நின்று கேட்டிருக்கிறாள். நம் ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்கு வருகிற பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள்தானே.

அதற்காக நீங்கள் என்னை அடித்திருந்தால் கூட வாங்கியிருப்பேன். ஆனால் வராந்தாவில் எல்லோர் முன்னாலும், "ஒங்க ஆளுகளுக்கு மைக்குல கத்துனாத்தான் சாமிக்குக் காது கேக்கும் போல" என்றீர்களே, அது என் அம்மாவையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. பதினைந்து வருஷம் ஒரே வார்டில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். ஒருநாளும் நீங்கள் சி.எஸ்.ஐ., நான் ஆர்.சி. என்று நமக்குள் வந்ததில்லை.

ஆபரேஷன் நாளை நீங்கள் தள்ளிப்போடச் சொல்லிவிட்டீர்கள் என்று தியேட்டரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய் என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

பிளாரன்ஸ்


சாத்தான்குளம்
16 ஜூலை 2025

பிளாரன்ஸ்,

உன் கடிதம் வந்தது. உன் சபையைக் குறித்து நான் பேசியது தகாத பேச்சு. அதற்காகக் கர்த்தரிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடத்திலும் கேட்கிறேன்.

மற்றது அப்படியே இருக்கிறது. அன்று காலை நான் உள்ளே வந்தபோது கேட்டில் செக்யூரிட்டி சத்தியராஜ் எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டான். இத்தனை வருஷத்தில் அவன் யாருக்கும் அந்த நாற்காலியைக் கொடுத்ததில்லை. லேபில் டிக்சன் என் முகத்தைப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்துப் பேசினான். நடக்கிற நோயாளியைப் பார்ப்பது போல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணை எப்படிச் சந்திக்க வேண்டும் என்று நான் தீர்மானிக்குமுன் நீ தீர்மானித்துவிட்டாய்.

நான் யாருக்காவது வாய் திறந்து ஜெபிக்கிறதாயிருந்தால், முதலில் "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்காமல் ஜெபித்ததுண்டா? வேண்டாம் என்றால் அடுத்த வார்த்தை பேசினதுண்டா? ஒரு மனுஷருடைய துக்கம் அவருடைய வீடு. கதவைத் தட்டாமல் உள்ளே போகக்கூடாது. நீ தட்டவில்லை.

ஆபரேஷனை நான்தான் தள்ளிப்போடச் சொன்னேன். இங்கே தம்பி தனராஜ் வீட்டில் உபவாச ஜெபத்தில் இருக்கிறேன். கர்த்தர் வழிகாட்டுகிறபடி செய்வேன். இனி எழுத வேண்டாம்.

ஜெபசுதா


தூத்துக்குடி
19 ஜூலை 2025

அக்கா,

எழுதத்தான் செய்வேன். பிடிக்காவிட்டால் பிரிக்காமல் அடுப்பில் போடுங்கள்.

உபவாச ஜெபமா? எந்த ஜெபசுதா எனக்கு இதை எழுதுவது? டிக்சனின் அம்மா சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெய் பூசி ஜெபிக்கிற இடத்துக்குப் போனபோது, வார்டு நடுவில் நின்று, "எம்மா, ஜெபமும் பண்ணுங்க, மாத்திரையும் போடுங்க. மாத்திரையைக் கண்டுபிடிச்சவனுக்கு மூளையைக் கொடுத்தது யாரு?" என்று கேட்டது யார்? அந்த அம்மா இன்றைக்கும் ஒவ்வொரு செக்கப்புக்கும் வந்து அதையே சொல்லிச் சிரிக்கிறார். அதே வாயா இப்போது கர்த்தர் வழிகாட்டட்டும் என்கிறது? வழி டாக்டர் மெல்வின் ரூம் வழியாகத்தான் போகிறது. அவர் நேற்று என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டருக்கு நான் சொல்லணுமா? தள்ளிப்போடப் போட அக்குளுக்குப் போயிரும்னு அவங்களுக்கே தெரியுமே" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

நான் உங்களைத் திட்டுகிறேன் என்றால் அது உங்களிடம் கற்ற தைரியம் இல்லை, நான் பிறவியிலேயே வாயாடி. ஆனால் உங்களைப் பார்த்து நான் வாயடைத்து நின்ற நாளும் உண்டு. நம் ஆம்புலன்ஸ் டிரைவர் சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் சம்சாரம் தவறியபோது நீங்கள் போய், "அண்ணாச்சி, ஜெபிக்கட்டுமா?" என்றீர்கள். அவர் பட்டென்று, "வேண்டாம் சிஸ்டர். நான் சாஸ்தாவைக் கும்பிடுதவன்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நீங்கள் சிரித்துக்கொண்டு, "சரி அண்ணாச்சி, டீ குடிப்போமா?" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். அன்று மட்டும் இல்லை, அந்த மாதம் முழுக்க அவர் டூட்டிக்கு வந்தால் இரண்டு டீ. ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவர் மகளைப் பற்றியும், வண்டி ஏசி வேலை செய்யாததைப் பற்றியும் மட்டும்தான் பேச்சு. எங்கள் கோயிலில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன் அக்கா. அந்த டீயைப் போல ஒன்று கேட்டதில்லை.

அப்படிப்பட்டவர் இப்போது கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால் எப்படி? நான் கதவைத் தட்டவில்லை, ஒத்துக்கொள்கிறேன். இப்போது தட்டுகிறேன். என் மேல் உள்ள கோபத்துக்காக உங்கள் உடம்பைத் தண்டிக்காதீர்கள்.

பிளாரன்ஸ்


சாத்தான்குளம்
24 ஜூலை 2025

அன்பான பிளாரன்ஸ்,

அடுப்பில் போடவில்லை. தம்பி வீட்டில் கேஸ் அடுப்பு, காகிதம் போட வசதி இல்லை.

உண்மையைக் கேள். உன் மேல் கோபம் போய்விட்டது. கோபம் இருந்தவரைக்கும் வசதியாயிருந்தது. அது போன பிறகுதான் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரிகிறது. பயம், ஏளா. வெறும் பயம்.

முழங்காலில் நின்றால் வார்த்தை வரவில்லை. ஊருக்கெல்லாம் ஜெபித்த வாய் எனக்கென்று வரும்போது கட்டிப்போகிறது. உபவாசம் என்று உனக்கு எழுதினேன். பசி இல்லாமல் படுத்துக் கிடப்பதற்கு அது ஒரு நல்ல பெயர், அவ்வளவுதான். தம்பி மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்தால் அதையும் திருப்பி அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துக் கிடக்கிறேன்.

ஆபரேஷன் டேபிளைக் கண்டு எனக்குப் பயம் இல்லை. எத்தனை பேரை அதில் ஏற்றியிருக்கிறோம். என் பயம் வேறே. டிக்சனின் பிள்ளை குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அவனிடம், "கர்த்தர் கைவிடமாட்டாரு தம்பி" என்றேன். விஜிலா முதல் சாவைப் பார்த்து நடுங்கினபோது அவளிடமும் சொன்னேன். இன்னும் எத்தனை பேரிடமோ. இப்போது நான் அந்த ஸ்ட்ரெச்சரில் கை கால் நடுங்கிக்கொண்டு போவதை அவர்கள் பார்ப்பார்கள். என் விசுவாசம் இவ்வளவுதானா என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். கர்த்தருடைய பெயருக்கு அல்லவா இழுக்கு? நான் சொன்னதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துவிட்டால், அடுத்த தடவை அவர்களுக்குத் துக்கம் வரும்போது எதைப் பிடிப்பார்கள்?

அதனால் வேறு ஊரில், என்னைத் தெரியாத ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். அதற்கும் எழுந்து போகக் கால் வரவில்லை.

இதை யாரிடமும் சொல்லாதே. மாதாவிடமும்.

ஜெபசுதா


தூத்துக்குடி
28 ஜூலை 2025

அக்கா,

மாதாவிடமும் சொல்லவில்லை. சத்தியமாக. திருவிழாக் கொடி ஏறிவிட்டது, ஊரே கூட்டம். கொடிமரத்தடியில் நின்று வாயை இறுக்க மூடிக்கொண்டு வந்தேன். என்னைப் பெற்றவள் பார்த்திருந்தால் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்திருப்பாள்.

துக்கம் வந்தால் எதைப் பிடிப்பார்கள் என்று கேட்டீர்கள். வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. அதை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டிக் குறைத்துச் சொன்னால் என் நாக்கு அழுகட்டும்.

சங்கரபாண்டியன் அண்ணாச்சி ஒரு விபத்துக் கேஸைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட யூனிஃபார்மோடு ஒரு சின்னப் பெண். விஜிலாதான் கேஷுவால்டியில் நின்றாள். எல்லாம் செய்து பார்த்தோம், பிள்ளை தங்கவில்லை. அதன் அம்மாவிடம் சொல்லிவிட்டு விஜிலா நேராக லினன் ரூமுக்குள் போய்விட்டாள். நீங்கள் அங்கேதானே எல்லோரையும் ஜெபிக்கக் கூட்டிப் போவீர்கள். கால் பழக்கத்தில் போயிருக்கிறது. உள்ளே நீங்கள் இல்லை. பெட்ஷீட் அடுக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறாள்.

நான் பின்னாலேயே போனேன். எனக்கு முன்னால் அண்ணாச்சி வாசலில் நின்றார். சட்டையெல்லாம் அந்தப் பிள்ளையின் ரத்தம். அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். லினன் ரூமுக்கு அக்கா!

"தாயீ, ஜெபிக்கட்டுமா?" என்றார்.

விஜிலா நிமிர்ந்து, "அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. சிஸ்டர் இல்லல்லா. அவிய இல்லேங்கறதுக்காவ யாரும் கேக்காம இருக்க முடியுமா?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் கையைக் கூப்பிக் கண்ணை மூடினார். பிறகு சொன்னார்:

"ஜெபசுதா சிஸ்டரோட சாமியே, இந்தப் பிள்ள பயந்துபோயி நிக்கா. இவளைப் பாத்துக்கிடும். அந்தப் பச்சமண்ணையும் பாத்துக்கிடும். சிஸ்டரும் அங்கன தனியாப் பயந்துக்கிட்டுத்தான் இருப்பாவ. அவியளையும் பாத்துக்கிடும்."

ஆமென் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் அவளைப் பார்த்து, "டீ குடிப்போமா?" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் உங்கள் சாமியைத்தான் கூப்பிட்டார்.

பிளாரன்ஸ்


சாத்தான்குளம்
31 ஜூலை 2025

என் பிளாரன்ஸ்,

உன் கடிதத்தைத் தம்பி மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். செருப்பைக் கழற்றினார் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை அவள் வாங்கி வாசித்தாள். அவளும் முடிக்கவில்லை. கடைசியில் தம்பி வந்து வாசித்தான்.

எனக்கு வெட்கமாயிருக்கிறது, சந்தோஷமாயும் இருக்கிறது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரை என் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார் அந்த மனுஷர். நான் நடுங்கினால் கர்த்தருடைய பெயருக்கு இழுக்கு என்று பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு கிடந்தேன். அவரைத் தாங்குவது என் வேலை என்று எனக்கு யார் சொன்னது? நல்ல கூத்து! அன்று சாயங்காலமே கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

டாக்டர் மெல்வினுக்குப் போன் பண்ணிவிட்டேன். உன் நம்பரையும் திறந்துவிட்டேன், ஆனால் உடனே கூப்பிட்டு அழாதே. உங்கள் திருவிழா முடிந்த மறுநாள் ஆபரேஷன். நம் ஆஸ்பத்திரியில்தான். நம் ஆட்கள் நடுவில்தான். நடுங்கினால் நடுங்குகிறேன், பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றே ஒன்று. தியேட்டர் வாசலில் நீ நிற்க வேண்டும். வந்து என்னைக் கேட்க வேண்டும், நான் எல்லோரையும் கேட்பதைப் போல. மெதுவாக. மைக் இல்லாமல்.

ஜெபசுதா


சாத்தான்குளம்
2 செப்டம்பர் 2025

என் பிளாரன்ஸ்,

தினமும் போனில் பேசுகிறோம், பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். சில காரியத்தை உன்னிடம் போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

ரிப்போர்ட் வந்தது உனக்குத் தெரியும். அக்குளுக்குப் போகவில்லை. இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். "அந்தக் கேள்வி இப்ப எதுக்கு சிஸ்டர்?" என்றார். அந்தப் பதிலே போதும். இனி மருந்து ஏற்ற வேண்டும். முடி கொட்டும். கொட்டட்டும்.

தியேட்டர் வாசலை நான் மறக்கவில்லை. நீ வந்து, "அக்கா, செபிக்கட்டுமா?" என்றாய். நான் "ம்" என்றேன். என் பல் கிட்டிக்கொண்டிருந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாய். பதற்றத்தில் உனக்கு வந்தது, எங்கள் சபையில் யாரும் சொல்லாத மாதா செபம்! என் பாட்டனார் கேட்டிருந்தால் கல்லறையில் எழுந்து உட்கார்ந்திருப்பார். நான் பாதியில் "ஆமென்" என்று சொல்லிப் பார்த்தேன். நீ நிறுத்துகிறவளா? கடைசி வரைக்கும் போய், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாய். இரண்டாம் தடவை முடிவதற்குள் என் நடுக்கம் நின்றிருந்தது. எங்கே நின்றது, யார் நிறுத்தினது என்று நான் ஆராயப் போவதில்லை. ஸ்தோத்திரம்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளினது டிக்சன். அது அவன் வேலையே இல்லை. சத்தியராஜ் தன் நாற்காலியைத் தியேட்டர் வாசலில் கொண்டுபோட்டு என் தம்பியை உட்காரவைத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த நாற்காலியைக் கண்டு நான் ஏன் அன்றைக்கு ஓடினேன் என்று இப்போது தெரியவில்லை. அது நல்ல நாற்காலி.

வரும் ஞாயிறு காலைப் பூசைக்கு நீ கட்டாயம் போ. கருத்து வாசிக்கிறதற்கு முன்னால் போய் உட்கார். உனக்குப் பிந்திப் போகிற பழக்கம் உண்டென்று எனக்குத் தெரியும்.

ஜெபசுதா


தூத்துக்குடி
7 செப்டம்பர் 2025

அக்கா,

போனை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். நீங்கள் செய்ததற்கு நானும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும்.

நேரத்தோடு போய் முன்னால் உட்கார்ந்தேன். உபதேசியார் கருத்துகளை வாசித்துக்கொண்டே வந்தார். இறந்தவர்களுக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைக்காக. பிறகு கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு வாசித்தார்:

"சாத்தான்குளம் ஜெபசுதா, ஆபரேஷனில் சுகம் பெற்றதற்காகக் கர்த்தருக்கு... ஸ்தோத்திரமாகவும், தன் தோழி பிளாரன்ஸ், வாய் அடங்காமல், நீண்ட காலம் இப்படியே இருக்கும்படியாகவும்."

ஸ்தோத்திரம் என்ற உங்கள் சபை வார்த்தையில் ஒரு நிமிஷம் தடுமாறினார் மனுஷர். வாய் அடங்காமல் என்ற இடத்தில் கோயிலே சிரித்தது. சாமியார் கூட. எங்கள் அம்மா என் தொடையில் கிள்ளி, "ஏளா, யாரு அது? உண்மையச் சொல்லிருக்காளே!" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, சேலை முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டேன். வெளியே வந்தால் மீன் சந்தையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார்கள். நண்டு விற்கிற ஜீவமணி அண்ணாச்சி, "வாங்க வாயடங்காதம்மா" என்கிறார். இனி இந்தப் பெயர்தான் எனக்குச் சாகும்வரை.

ஆபீசில் போய் விசாரித்தேன், யார் வந்து இந்தக் கருத்தைக் கொடுத்தது என்று. "ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். நெத்தி நிறையத் திருநீறு. வாசல்லயே செருப்பைக் கழத்திட்டு வந்தாரு" என்றார்கள்.

ஏன் அக்கா, என் பெயரை மைக்கில் வாசிக்கலாமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? கதவைத் தட்டினீர்களா? ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லுகிற ஆள்!

கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

பிளாரன்ஸ்